50 வாட் ட்யூப் ஹெட், லேபிள் இல்லாத 2×12 கேபினெட்: செலக்டரை எதில் வைப்பது?

ஆறுதந்தி | கம்மனஹள்ளி | வெள்ளி, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். பழைய 50 வாட் ட்யூப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத கிட்டார் ஆம்ப்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இரண்டு ஈஎல்34 வால்வு (ட்யூபுக்கு இன்னொரு பெயர்), பின்பக்கம் ஸ்பீக்கரின் ஓமுக்கு (மின்சாரத்தைத் தடுக்கும் அளவு) ஏற்ப 4, 8, 16 என்று மூன்று நிலை உள்ள செலக்டர், பக்கத்திலேயே இரண்டு ஸ்பீக்கர் ஜாக். வால்வு புதிதாகப் போட்டு பயாஸும் (வால்வு சும்மா இருக்கும்போது ஓடும் கரண்ட்) பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் குறை இல்லை.

கேபினெட்தான் குழப்பம். லிங்கராஜபுரத்தில் ஒரு சர்ச் இசைக்குழு புது சவுண்ட் சிஸ்டத்துக்கு மாறியபோது, அவர்களிடமிருந்த 2×12 கேபினெட்டை (12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ள பெட்டி) வாங்கினேன். ஜாக் இருக்கும் தகட்டில் ஒரு எழுத்துகூட இல்லை. ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடத்தில் பசைக் கறை மட்டும்தான். விற்றவர் "எட்டு ஓமாகத்தான் இருக்கும்" என்றார், அவருக்கும் உறுதியில்லை.

வழக்கமாகப் போகும் ஜாம் ரூமில் கேட்டேன். ஒருவர் "8-ல் வை, ஒன்றும் ஆகாது" என்கிறார். இன்னொருவர் "தெரியாவிட்டால் 16-ல் வை" என்கிறார். மூன்றாமவர் "ஓம் குறைந்தால் ஆம்ப் போய்விடும், கூடினால் பரவாயில்லை" என்கிறார். மூன்று பேருமே பல வருடமாக மேடையில் வாசிக்கிறவர்கள். யார் பேச்சைக் கேட்பது? ஞாயிறு மாலை பிராக்டிஸ் இருக்கிறது. அதற்குள் தெரிந்தால் நல்லது.

ஜேசி_ரசிகன் | வைட்ஃபீல்ட் | வெள்ளி, இரவு 9.41

மூன்றாமவர் சொன்னதுதான் விதி. என் ஆம்பின் பின்பக்கம் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று அச்சடித்தே இருக்கிறது. 8 போட்டாலும் 16 போட்டாலும் ஆம்புக்குக் கெடுதல் இல்லை, சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். செலக்டரை 4-ல் வைத்துவிடுங்கள். கேபினெட் எதுவாக இருந்தாலும் 4-க்குக் கீழே போக வாய்ப்பில்லை, நிம்மதியாக வாசிக்கலாம்.

பழைய_வால்வு | அல்சூர் | வெள்ளி, இரவு 10.15

ஆறுதந்தி தம்பி, மேலே சொன்னபடி ஹெட்டை ஆன் செய்துவிடாதீர்கள். ஜேசி_ரசிகன் சொல்வது டிரான்சிஸ்டர் ஆம்புக்கு நூற்றுக்கு நூறு சரி. உங்கள் கையில் இருப்பது ட்யூப் ஆம்ப். அதில் கணக்கே வேறு. இந்த இரண்டையும் ஒரே விதியில் அடைக்கப் பார்ப்பதால்தான் ஜாம் ரூமில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

டிரான்சிஸ்டர் ஆம்ப் ஸ்பீக்கரை நேராக ஓட்டுகிறது. வால்யூமுக்கு ஏற்ற வோல்டேஜை வெளியே தள்ளும், எவ்வளவு கரண்ட் எடுப்பது என்பது ஸ்பீக்கர் பாடு. 8 ஓம் இருக்கும் இடத்தில் 4 ஓம் போட்டால் கரண்ட் இரட்டிப்பாகும். 2 ஓம் போட்டால் நான்கு மடங்கு. அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடாகி, பாதுகாப்பு சர்க்யூட் இல்லாவிட்டால் போய்விடும். ஓம் கூடினால் கரண்ட் குறையும், யாருக்கும் பாதகம் இல்லை. கேபினெட்டே இல்லாமல் ஆன் செய்து வைத்தாலும் பெரும்பாலான டிரான்சிஸ்டர் ஆம்ப் சும்மா இருக்கும்.

ட்யூபால் ஸ்பீக்கரை நேராக ஓட்ட முடியாது. ஈஎல்34 போன்ற வால்வுக்கு எதிரே ஆயிரக்கணக்கான ஓம் தெரிய வேண்டும், ஸ்பீக்கரோ வெறும் எட்டு, பதினாறு ஓம். இடையில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நின்று அந்தச் சின்ன எண்ணைப் பெரிய எண்ணாக வால்வுக்குக் காட்டுகிறது. உங்கள் மாதிரி இரண்டு ஈஎல்34 உள்ள 50 வாட் ஆம்பில் வழக்கமாக வரும் அளவு 3,400 ஓம் (ஒரு வால்வின் பிளேட், அதாவது சிக்னல் வெளியே வரும் முனையிலிருந்து மறு வால்வின் பிளேட் வரை). டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றுகளின் விகிதத்தை அதே எண்ணால் பெருக்கிய அளவுக்கு இம்பிடன்ஸ், அதாவது வால்வுக்குத் தெரியும் ஓம், மாறும். 8 ஓம் இணைப்பில் விகிதம் சுமார் 20.6-க்கு 1. 20.6-ஐ 20.6-ஆல் பெருக்கினால் 424, அதை 8-ஆல் பெருக்கினால் 3,400 வந்துவிடும். சைக்கிளில் மேட்டுக்கு ஒரு கியர், சமதளத்துக்கு ஒரு கியர் போடுவது மாதிரிதான் இந்த செலக்டர். மிதிக்கிற காலுக்கு எப்போதும் ஒரே பாரம் தெரிய வேண்டும்.

இப்போது 8-ல் வைத்து 16 ஓம் கேபினெட் மாட்டினால் வால்வுக்கு 6,800 தெரியும். 4 ஓம் கேபினெட் மாட்டினால் 1,700. 4-ல் வைத்து 16 ஓம் கேபினெட் மாட்டினால் 13,600. ஜேசி_ரசிகன் சொன்னதில் எனக்குப் பயம் வருவது அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத்தான்.

பேஸ்காரி | கோரமங்களா | வெள்ளி, இரவு 10.32

நல்ல விளக்கம் சார். ஒரு கேள்வி. 13,600 தெரிந்தால் என்ன ஆகும், 1,700 தெரிந்தால் என்ன ஆகும்? இரண்டும் தப்பு என்றால் எது பெரிய தப்பு?

பழைய_வால்வு | அல்சூர் | வெள்ளி, இரவு 11.05

குறைந்தால் வால்வு கூடுதல் கரண்ட் இழுக்கும். பிளேட்டில் வெப்பம் ஏறும், வால்வின் ஆயுள் குறையும், பவரும் சரியாக வெளியே வராது. ஆனால் வோல்டேஜ் எகிறாது.

கூடினால் நிலைமை வேறு. கரண்ட் குறைவு, வோல்டேஜ் ஆட்டம் அதிகம். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு காயில். அதில் ஓடும் கரண்ட் திடீரென்று அறுபடும்போது எதிர்த்து ஒரு வோல்டேஜ் கிளம்பும். அதை வாங்கிக்கொள்ள ஸ்பீக்கர் என்ற பாரம் சரியான அளவில் இல்லையென்றால் அது வேறு வழி தேடும். ஈஎல்34 சாக்கெட்டில் 3-ஆவது பின் பிளேட், பக்கத்திலேயே 2-ஆவது பின் ஹீட்டர். இரண்டுக்கும் நடுவில் பொறி பறந்து, சாக்கெட்டில் கரிக்கோடு விழுந்த ஆம்புகளை இந்த மேஜையில் நிறையப் பார்த்திருக்கிறேன். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஒரு தடவை கோடு விழுந்தால் அடுத்த பொறிக்குப் பாதை தயார். துடைத்தால் போகாது, சாக்கெட்டையே மாற்ற வேண்டும். சாக்கெட் தப்பித்தால் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள் இன்சுலேஷன் ஓட்டையாகும். அதுதான் பெரிய செலவு.

இதன் உச்சம் எதுவுமே மாட்டாமல் ஓட்டுவது. ட்யூப் ஆம்பில் அதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது. ஆகவே பேஸ்காரிக்கு என் பதில்: ரொம்பக் கூடுவதுதான் பெரிய தப்பு.

ட்வின்_பிரியன் | பிரேசர் டவுன் | வெள்ளி, இரவு 11.30

ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. ஃபெண்டர் ஆம்புகளைப் பாருங்கள். டீலக்ஸ் ரிவெர்ப் உள்ளே ஒரு 8 ஓம் ஸ்பீக்கர். ட்வின் ரிவெர்ப் உள்ளே இரண்டு 8 ஓம் பேரலலில் (பக்கவாட்டு இணைப்பில்), மொத்தம் 4. சூப்பர் ரிவெர்ப் நான்கு 8 ஓம் பேரலலில், மொத்தம் 2. எதிலும் செலக்டர் கிடையாது. ஆனால் பின்னால் எக்ஸ்டென்ஷன் ஜாக் (கூடுதல் ஸ்பீக்கருக்கான ஜாக்) வைத்திருக்கிறார்கள். அதில் அதே ஓமில் இன்னொரு கேபினெட் மாட்டினால் மொத்த ஓம் பாதியாகிறது. கம்பெனியே ஜாக் வைத்துக் கொடுக்கிறது என்றால் என்ன அர்த்தம்? இரண்டு மடங்கு வித்தியாசம் வரை தாங்கும் என்றுதானே?

இரண்டு மடங்கு கூடினாலும் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் என்பது என் கருத்து. 8-ல் வைத்து 16 ஓம் கேபினெட்டோடு மேடையில் வாசிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

பழைய_வால்வு | அல்சூர் | சனி, காலை 7.10

நீங்கள் சொன்ன ஃபெண்டர் கணக்கு எல்லாம் சரி. ஆனால் அந்த எக்ஸ்டென்ஷன் ஜாக் கொண்டுபோவது எந்தப் பக்கம்? குறையும் பக்கம். நான் பயப்படுவது கூடும் பக்கத்துக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபெண்டரின் முதல் ஸ்பீக்கர் ஜாக்கில் ப்ளக்கை உருவினால் அவுட்புட் தானாக ஷார்ட் ஆகிவிடும் (இரண்டு முனையும் நேராகச் சேர்ந்துவிடும்). வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ட்யூப் ஆம்புக்கு ஓப்பனை (எதுவும் மாட்டாத நிலையை) விட ஷார்ட் மேல் என்று அதை வடிவமைத்தவர்களே நினைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். (அதனால்தான் ஃபெண்டரில் எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் மட்டும் மாட்டினால் சத்தம் வராது. முதல் ஜாக் காலியாக இருந்து எல்லாவற்றையும் ஷார்ட் செய்துகொண்டிருக்கும்.)

புதிய ஆம்ப், நல்ல டிரான்ஸ்ஃபார்மர், மிதமான வால்யூம் என்றால் இரண்டு மடங்கு கூடினாலும் தாங்கலாம். முழு வால்யூமில், பழைய டிரான்ஸ்ஃபார்மரில் நான் அதற்கு உத்தரவாதம் தரமாட்டேன். தம்பி வைத்திருப்பது பழைய ஹெட்.

ட்வின்_பிரியன் | பிரேசர் டவுன் | சனி, காலை 7.48

முழு வால்யூமில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் என்றால் ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை என்பதில் மாற்றமில்லை.

கோவை2பெங்களூரு | எலக்ட்ரானிக் சிட்டி | சனி, காலை 8.25

யூகத்தை விடுவோம், அளந்து பார்ப்போம். ஆறுதந்தி, வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறதா? இல்லாவிட்டால் இன்றைக்கே சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோடு போய் வாங்கி வாருங்கள், நாளை ஞாயிறு, பாதிக்கு மேல் கடை திறக்காது. சாதாரண மீட்டர் போதும்.

ஸ்பீக்கர் கேபிளின் ஒரு முனையைக் கேபினெட்டில் மாட்டுங்கள். மறுமுனை ஆம்பில் இருக்கக்கூடாது, கண்டிப்பாக உருவிவிடுங்கள். ஆம்பில் மாட்டியபடி அளந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றையும் சேர்த்து அளப்பீர்கள். அது ஒரு ஓம்கூட இருக்காது, எல்லாக் கேபினெட்டும் ஷார்ட் மாதிரி காட்டும். முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம் ப்ளக்கின் நுனியில் ஒன்று, தண்டில் ஒன்று வைத்து அளந்து, முந்தைய எண்ணைக் கழியுங்கள். அளக்கும்போது கோனை (ஸ்பீக்கரின் கூம்பை) தொடாதீர்கள், பக்கத்தில் பாட்டும் ஓட வேண்டாம். கோன் அசைந்தால் ஸ்பீக்கரே மைக் மாதிரி வோல்டேஜ் கிளப்பும், எண் குதிக்கும்.

மீட்டர் காட்டுவது டிசி ரெசிஸ்டன்ஸ். பெயருக்குச் சொல்லும் ஓமை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். 3 ஓம் சொச்சம் வந்தால் 4 ஓம் கேபினெட். 6-லிருந்து 7 வரை வந்தால் 8. 12, 13 என்று வந்தால் 16.

ஆறுதந்தி | கம்மனஹள்ளி | சனி, மாலை 5.50

வாங்கி வந்து அளந்துவிட்டேன். மீட்டர் முனைகள் 0.3. கேபினெட் 4.8. கழித்தால் 4.5. இது எந்தக் கணக்கிலும் வரவில்லையே? 4 ஓமுக்கு அதிகம், 8-க்குக் குறைவு. மீட்டர் கோளாறா? 6 ஓம் கேபினெட் என்று ஏதாவது இருக்கிறதா?

அப்புறம், நான் அளந்தது கிட்டார் கேபிளை வைத்து. ஸ்பீக்கர் கேபிள் தனியாக வாங்கவில்லை, இரண்டு முனையும் ஒரே மாதிரி ப்ளக் என்பதால் இதையே ஆம்புக்கும் மாட்டலாம் என்று இருக்கிறேன். அதனால் எண் மாறுமா?

பேஸ்காரி | கோரமங்களா | சனி, மாலை 6.05

ஐயோ வேண்டாம் தம்பி. அளக்க அதைப் பயன்படுத்தியது பரவாயில்லை, வாசிக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். கிட்டார் கேபிளின் நடுவில் ஓடுவது மெல்லிய கம்பி, சுற்றி ஷீல்டு. பிக்கப்பிலிருந்து வரும் மிகச் சிறிய சிக்னலுக்காகச் செய்தது. ஸ்பீக்கருக்குப் போவது ஆம்பியர் கணக்கில் கரண்ட். 50 வாட் 8 ஓமில் இரண்டரை ஆம்பியர். அந்த மெல்லிய கம்பி சூடாகும், இன்சுலேஷன் இளகி ஷார்ட் ஆகலாம், அல்லது சால்டரில் விட்டுப்போகும். விட்டுப்போனால் என்ன என்பது வால்வு சார் நேற்றே எழுதிவிட்டார்: ஓப்பன். வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருப்பதால் எங்கள் பிராக்டிஸ் ரூமில் ஸ்பீக்கர் கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறோம்.

எஸ்.பி. ரோட்டில் சமமான தடிமனில் இரண்டு இழை ஓடும் செம்பு வயர் மீட்டர் கணக்கில் கிடைக்கும். நல்ல ப்ளக் இரண்டு வாங்கி நீங்களே சால்டர் செய்துகொள்ளலாம். ஒரு மீட்டர் நீளம் போதும்.

பழைய_வால்வு | அல்சூர் | சனி, மாலை 6.40

மீட்டரிலும் கோளாறு இல்லை, கேபிளாலும் இல்லை. அந்த 4.5-ஐ அப்படியே நம்புங்கள். பின்பலகையைக் கழற்றி இரண்டு ஸ்பீக்கரின் மேக்னெட்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு வயரைக் கழற்றிவிட்டுத் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, நீங்கள் பார்த்து எழுதிய பிறகு சொல்கிறேன்.

ஆறுதந்தி | கம்மனஹள்ளி | சனி, இரவு 8.30

திறந்துவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரி ஸ்பீக்கர் இல்லை! மேலே இருப்பது பழையது, பெரிய மேக்னெட், லேபிள் பழுத்திருந்தாலும் படிக்க முடிகிறது: 16 ஓம், 60 வாட். கீழே இருப்பது சின்ன மேக்னெட், பிற்பாடு யாரோ மாட்டியது மாதிரி தெரிகிறது: 8 ஓம், 30 வாட். மேலே வயர் டெர்மினலில் ஒழுங்காக சால்டர் ஆகியிருக்கிறது. கீழே வெறுமனே முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள், தொட்டவுடன் டேப் வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டும் பேரலலில் இருக்கின்றன.

தனித்தனியாக அளந்தால் மேலே 12.9, கீழே 6.8. (0.3 கழித்த பிறகு.)

கோவை2பெங்களூரு | எலக்ட்ரானிக் சிட்டி | சனி, இரவு 8.44

வந்துவிட்டது கணக்கு. பேரலலில் இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 12.9-ஐ 6.8-ஆல் பெருக்கினால் 87.7. கூட்டினால் 19.7. வகுத்தால் 4.45. உங்கள் மீட்டர் அச்சாகச் சொல்லியிருக்கிறது.

பெயருக்கான ஓமில் போட்டால் 16-ம் 8-ம் சேர்ந்து 5.33. முதலில் இரண்டும் 16 ஆக இருந்து மொத்தம் 8 ஓம் கேபினெட்டாக இருந்திருக்கும், விற்றவர் சொன்ன எட்டு அந்தக் காலத்துக் கணக்கு. ஒன்று எரிந்துபோய், கிடைத்த 8 ஓமை மாட்டியிருக்கிறார்கள்.

ட்வின்_பிரியன் | பிரேசர் டவுன் | சனி, இரவு 9.02

அப்படியென்றால் 4-ல் வைத்து வாசியுங்கள். 5.33-க்கும் 4-க்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குதான். இதில் ஆம்புக்கு ஒன்றும் ஆகாது என்று வால்வு ஐயாவே சொல்வார்.

பழைய_வால்வு | அல்சூர் | சனி, இரவு 9.50

ஆம்புக்கு ஒன்றும் ஆகாது, சொல்கிறேன். 4-ல் வைத்தால் வால்வுக்குத் தெரிவது சுமார் 4,500. 8-ல் வைத்தால் சுமார் 2,270. இரண்டுமே 3,400-லிருந்து ரொம்ப விலகவில்லை. ஸ்பீக்கரின் ஓம் என்பதே ஒரு நிலையான எண் கிடையாது. 8 ஓம் என்று சொல்லும் 12 அங்குல ஸ்பீக்கர், அதன் சொந்த அதிர்வெண்ணில், அதாவது 75, 80 ஹெர்ட்ஸ் பக்கம், பல மடங்கு ஏறி நிற்கும். சில நூறு ஹெர்ட்ஸில் கீழே இறங்கி 8-க்குப் பக்கத்தில் வரும். மேல் ஸ்வரங்களில் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுற்று) காரணமாக மறுபடி ஏறும். கிட்டாரில் லோ ஈ தந்தியே 82 ஹெர்ட்ஸ். ஆகவே ஒவ்வொரு தடவை அந்தத் தந்தியைத் தட்டும்போதும் ஆம்ப் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு வித்தியாசத்துக்குத் தூக்கம் கெட வேண்டாம்.

நான் கவலைப்படுவது அந்தக் கீழ் ஸ்பீக்கரைப் பற்றி. பேரலலில் இரண்டுக்கும் ஒரே வோல்டேஜ். ஓம் பாதி என்றால் பவர் இரண்டு பங்கு. 50 வாட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 33 வாட், 16 ஓம் ஸ்பீக்கருக்கு 17. அதாவது 60 வாட் தாங்குகிறவன் 17-ஐ வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறான், 30 வாட் தாங்குகிறவன் தலையில் 33 இறங்குகிறது. அதுவும் சுத்தமான சத்தத்தில் சொல்லும் கணக்கு. 50 வாட் ட்யூப் ஆம்பை ஓவர்டிரைவில் தள்ளினால் 70 வாட் பக்கம் போவது சாதாரணம். அப்போது கீழே 47 வாட். வாய்ஸ் காயில் எரிந்து அறுந்தால் கேபினெட் ஒரே நொடியில் 16 ஓம் ஆகிவிடும், உங்கள் செலக்டர் 4-ல் இருக்கும். ஓவர்டிரைவில் முழு வால்யூமில் வாசித்துக்கொண்டிருக்கும்போது 13,600. நான் வெள்ளி இரவு பயந்த இடத்துக்கே வந்து சேர்கிறோம்.

டேப் சுற்றிய வயர் வழுக்கிவிட்டாலும் இதேதான் நடக்கும்.

ஜேசி_ரசிகன் | வைட்ஃபீல்ட் | சனி, இரவு 10.05

சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) மாற்றிவிட்டால்? 8-ம் 16-ம் கூட்டினால் 24, அதற்கு செலக்டர் இல்லை என்று புரிகிறது. வேறு வழி?

பழைய_வால்வு | அல்சூர் | சனி, இரவு 10.20

சீரிஸில் 16 ஓம் ஸ்பீக்கர்தான் அதிகப் பங்கு எடுக்கும், பவர் கணக்கு சரியாகிவிடும். ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி 24-க்கு இடம் இல்லை, 16-ல் வைத்து ஓட்டினால் ஒன்றரை மடங்கு கூடும் பக்கம். எனக்கு விருப்பமில்லை.

நாளைய பிராக்டிஸுக்கு நல்ல வழி: கீழ் ஸ்பீக்கரின் வயரை முழுசாகக் கழற்றி, முனையை டேப் சுற்றித் தனியே ஒதுக்குங்கள். மேலே இருக்கும் 16 ஓம் 60 வாட் மட்டும் ஓடட்டும். செலக்டர் 16. மாஸ்டர் வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம். சின்ன ரூமுக்கு அது தாராளமாகப் போதும். கழற்றிய ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள், அந்த வட்டத்தைத் திறந்து விட்டால் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் கலந்து பேஸ் போய்விடும்.

புதுசுகேள்வி | ஜெயநகர் | சனி, இரவு 10.41

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 15 வாட் ட்யூப் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்), உள்ளே ஒரு 8 ஓம் ஸ்பீக்கர், பின்னால் ஒரே ஜாக். நண்பனிடம் நான்கு 12 அங்குலம் உள்ள பெரிய கேபினெட் இருக்கிறது. பின்னால் 4, 16 என்றும், ஸ்டீரியோ 8 என்றும் சுவிட்ச். எப்படி மாட்டுவது?

கோவை2பெங்களூரு | எலக்ட்ரானிக் சிட்டி | சனி, இரவு 11.00

அது மார்ஷல் கம்பெனியின் 1960 என்ற மாடல் வகை. உள்ளே நான்கு 16 ஓம் ஸ்பீக்கர். ஸ்டீரியோவில் வைத்தால் பக்கத்துக்கு இரண்டு ஸ்பீக்கராகப் பிரியும், ஒவ்வொரு பக்கமும் 8. ஒரு பக்கத்து ஜாக்கில் மட்டும் உங்கள் காம்போவை மாட்டுங்கள், உள் ஸ்பீக்கரின் ப்ளக்கை உருவிவிட்டு. இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பாடும், ஓம் கச்சிதமாகப் பொருந்தும். சுவிட்சைத் தொட்டதும் ஒரு தடவை மீட்டரில் பார்த்துவிடுங்கள், பழைய தகடுகளில் அந்த சுவிட்ச் சரியாகப் பிடிக்காமல் போவது உண்டு.

ஆறுதந்தி | கம்மனஹள்ளி | ஞாயிறு, இரவு 9.15

எல்லோருக்கும் பெரிய நன்றி. வால்வு சார் சொன்னபடி மேல் ஸ்பீக்கர் மட்டும், 16-ல். பேஸ்காரி அக்கா சொன்ன வயருக்கு இன்று கடை இல்லை. டிரம்மர் ஒரு ஸ்பீக்கர் கேபிள் கொடுத்து உதவினார். சத்தம் பற்றிப் பயந்தேன், ஒரு ஸ்பீக்கரிலேயே டிரம்ஸுக்கு மேல் கேட்டது. பழைய ஸ்பீக்கரின் மிட் அவ்வளவு நன்றாக இருக்கிறது. இதுவரை கீழே இருந்த ஸ்பீக்கர்தான் அதிகமாகக் கத்தி இதை மறைத்திருக்கிறது போல.

இப்போது இன்னொரு 16 ஓம் தேடப் போகிறேன். அதே மாடல்தான் கிடைக்க வேண்டுமா? ஞாயிறு காலையில் சிக்பேட்டை பக்கம் கூடும் பழைய பொருள் சந்தையில் 12 அங்குல ஸ்பீக்கர் அடிக்கடி கண்ணில் படுகிறது. அங்கே வாங்கலாமா?

ட்வின்_பிரியன் | பிரேசர் டவுன் | ஞாயிறு, இரவு 9.33

அதே மாடல் வேண்டியதில்லை, ஓம் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். செலெஸ்டியன் கம்பெனியின் விண்டேஜ் 30 ஸ்பீக்கரும் கிரீன்பேக்கும் ஒரே பெட்டியில் போடுகிறவர்கள் நிறைய. ஆனால் இரண்டின் சென்சிடிவிட்டியும் (ஒரே வாட்டுக்குத் தரும் சத்தம்) ஒன்றில்லை, விண்டேஜ் 30 100 டெசிபல், கிரீன்பேக் 98. 2 டெசிபல் காதுக்குத் தெரியும். வாட் கணக்கும் சின்னதை வைத்துத்தான்: கிரீன்பேக் 25 வாட் என்றால் இரண்டும் சேர்ந்து 50-க்குத்தான் கணக்கு, 85-க்கு இல்லை. உங்கள் ஹெட்டுக்கு அது விளிம்பு. 60 வாட்டுக்குக் குறையாமல் பாருங்கள்.

பழைய_வால்வு | அல்சூர் | ஞாயிறு, இரவு 10.10

சந்தையில் வாங்கலாம், மீட்டரோடு போங்கள். 12-க்கும் 13-க்கும் பக்கத்தில் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்தது. அப்புறம் ஸ்பீக்கரை மல்லாக்க வைத்து, இரண்டு கை விரல்களையும் கோனில் எதிரெதிராகப் பரப்பி, சமமாக மெதுவாக அழுத்திப் பாருங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். சரசரவென்று உரசல் கேட்டால் காயில் மேக்னெட்டில் இடிக்கிறது, எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். கோனைச் சுற்றியுள்ள விளிம்பில் பசை தடவி ஒட்டிய இடம் இருந்தால் அதுவும் வேண்டாம்.

மாட்டும் முன் 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி டெர்மினலில் தொட்டு, கோன் முன்னால் வருகிற பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் வர வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் போனால் ஓம் சரியாகவே இருக்கும், சத்தத்தில் பேஸ் இருக்காது. டேப் வேண்டாம், சால்டர் செய்யுங்கள்.

ஆறுதந்தி | கம்மனஹள்ளி | ஞாயிறு, இரவு 10.22

குறித்துக்கொண்டேன் சார். இரண்டாவது 16 ஓம் மாட்டியதும் செலக்டரை 8-க்கு மாற்ற வேண்டும், சரிதானே? ஸ்டாண்ட்பையில் (வால்வு சூடாக இருக்க, சத்தம் மட்டும் நிற்கும் நிலை) வைத்துவிட்டு மாற்றினால் போதுமா?

பழைய_வால்வு | அல்சூர் | ஞாயிறு, இரவு 10.30

8 சரி. ஸ்டாண்ட்பை போதாது, பவரையே ஆஃப் செய்துவிட்டு மாற்றுங்கள். செலக்டரைத் திருப்பும்போது ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும் வழியில் ஒரு கணம் எந்தத் தொடர்பும் இருக்காது. பழைய செலக்டரில் உள்ளே களிம்பு பிடித்து, ஒரு நிலையில் மட்டும் தொடர்பு விட்டுவிட்டு வருவதும் உண்டு. உங்களுடையது இத்தனை நாள் எந்த நிலையில் இருந்தது என்று தெரியாது. பவர் ஆஃபில், கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து நாலைந்து தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிவிட்டு, அப்புறம் 8-ல் நிறுத்துங்கள்.